பொய்யைப் பிரித்தறியும் நெறி

நுழையும்முன்

பொற்கொல்லன் கூறிய பொய்யை ஆராயாது ஏற்றதால் பாண்டிய மன்னன் கோவலனின் உயிரைப் பறித்தான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. சொல்லை நம்புவதற்கும் சான்றைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இக்காட்சி உணர்த்துகிறது. மக்களின் புகார்களை விசாரிக்கும் இன்றைய அமைப்புகள் பொய்யை எவ்வாறு இனங்காண்கின்றன?

குறை கேட்கும் அமைப்புகள்

அரசு அலுவலர்கள் மீதான குறைகளை விசாரிக்கத் தனி அலுவலரை அமர்த்தும் முறையைச் சுவீடன் நாடு 1809ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் மனித உரிமைகள் ஆணையம், தகவல் ஆணையம், லோக் ஆயுக்தா முதலியவை இத்தகைய பணியை ஆற்றுகின்றன. நீரும் காற்றும் மாசடைவது குறித்த புகார்களை 1982இல் தோன்றிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விசாரிக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு புகார்

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் திருவள்ளூர் மாவட்டத்தில், வயல்களுக்கும் ஏரிகளுக்கும் அருகிலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. ஏரி நீரின் நிறம் மாறிவிட்டதாக அப்பகுதி உழவர் ஒருவர் புகார் அளிக்கிறார் எனக் கொள்வோம். கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்றுவதாகத் தொழிற்சாலை பதிவேட்டைக் காட்டுகிறது. இரண்டில் எது மெய்?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இதற்கு வழி கூறுகிறது. கழிவுநீர் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பப்போவதை ஆலைப் பொறுப்பாளருக்கு அலுவலர் அறிவிக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே மாதிரியை இரண்டாகப் பகுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒரு பகுதி வாரிய ஆய்வகத்திற்குச் செல்லும். ஆலையினர் வேண்டினால் மற்றொன்று அரசு குறிப்பிட்ட வேறோர் ஆய்வகத்திற்குச் செல்லும். பொறுப்பாளர் வேண்டுமென்றே விலகிச் சென்றாலும் ஆய்வு நிற்காது. ஆனால், இந்நெறியைப் பின்பற்றாமல் எடுத்த மாதிரியின் முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. விசாரிப்பவரின் கவனக்குறைவு பொய்யருக்குக் கேடயமாகிவிடும்.

பதிவேட்டையும் பிற சான்றுகளோடு ஒப்பிடலாம். சுத்திகரிப்பு நிலையம் மாதம் முழுவதும் இயங்கியதாகப் பதிவேடு கூறுகையில், அதற்குரிய மின்மானியின் அளவு உயராதிருந்தால் ஐயம் எழும். பயன்படுத்திய வேதிப்பொருளின் அளவும், எஞ்சிய கசடின் அளவும் அவ்வாறே சான்று பகரும். மிகுதியாக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் ஆணையிட்டது. எனினும், கருவி காட்டும் எண்ணையும் நேரடி ஆய்வால் சரிபார்த்தல் இன்றியமையாதது.

> தெரிந்து தெளிவோம்
> தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (2005), தெரிந்தே தவறான தகவல் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாமல் தண்டம் விதிக்கப்படும். அதற்குமுன் அவரது விளக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

பிழை வேறு, பொய் வேறு

மனித உரிமைகள் ஆணையம் சாட்சிகளை அழைக்கவும் உறுதிமொழியின்பேரில் விசாரிக்கவும் அதிகாரம் பெற்றது. அதன் நடவடிக்கைகள் நீதிமுறை நடவடிக்கைகளாகவே கருதப்படுவதால், அங்குப் பொய்ச்சாட்சி கூறுவது குற்றமாகும்.

புகார் அளிப்போருக்கும் பொறுப்பு உண்டு. லோக்பால், லோக் ஆயுக்தா சட்டத்தின்படி (2013), லோக்பாலிடம் பொய்யெனத் தெரிந்தே புகார் அளிப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆயினும் நல்லெண்ணத்துடன் அளித்த புகாருக்கு இத்தண்டனை பொருந்தாது.

இந்த வரையறை மிக நுட்பமானது. ஏரி நீர் நிறம் மாறியதை உழவர் தம் கண்ணால் கண்டார். காரணமான ஆலை எதுவெனக் கூறுவதில் அவர் தவறியிருக்கலாம். அது பிழையே அன்றிப் பொய்யன்று. அப்பிழைக்கே தண்டனை என்றால், அடுத்த முறை ஏரி கறுத்தாலும் ஊர் வாய் திறக்காது. மாறாக, பகைமையால் புனைந்த புகாரைப் பொறுத்துக்கொண்டால், குற்றமற்றவர் பெயர் கெடும். அங்குப் பணிபுரிவோரின் பிழைப்பும் பாதிக்கப்படும்.

ஆகவே விசாரணை அமைப்பு புகாரை உடனே நம்பவும் கூடாது. உடனே தள்ளவும் கூடாது. இரு தரப்பையும் கேட்டு, சான்றைச் சோதித்து, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மதுரையில் சிலம்பைச் சோதித்தது உயிர் போன பிறகு. தீர்ப்புக்கு முன்பே சோதிப்பதுதான் அறம்.