விமானியின் உயர்தரப் பத்திரம்: கைப்பணம் செலவிடல் வேண்டுமோ?

பரீட்சையொன்றிற் சித்தியெய்திப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் உத்தியோகம் பின்னாலே வரும் என்பது நம்மவர் பலரின் உறுதியான நம்பிக்கை. ஐக்கிய அமெரிக்காவில் விமானமோட்டும் தொழிலை நாடும் இளைஞரிடத்தும் இந்நம்பிக்கை உண்டு. அங்கே அத்தொழிலின் அதியுயர் தராதரம், பயணிகள் விமானச் சேவைக்குரிய விமானிப் பத்திரமாகும். அதனைச் சொந்தப் பணத்திற் பெறுவதா, வேலை கொடுப்போர் பெற்றுத் தரும்வரை பொறுத்திருப்பதா என்பதை ஈண்டு ஆராய்கின்றோம். ஆரம்பப் பயிற்சிக்கே பெருங்கடன் பட்டவனுக்கு இது சிறு வினாவன்று.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி இரவு, பஃபலோ நகரருகே கொல்கன் கம்பனியின் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். வேகங் குன்றி விமானம் தூக்குவிசையை இழக்குந் தறுவாயில், அதன் மூக்கைத் தாழ்த்தவேண்டிய தலைமை விமானி அதனை உயர்த்தியமையே காரணமென விசாரணையிற் கண்டனர். 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. 2013 முதல் துணை விமானிக்கும் உயர்தரப் பத்திரம் கட்டாயமாயிற்று. முன்னர் 250 மணித்தியாலம் பறந்து வணிக விமானிப் பத்திரம் பெற்றோர் துணை விமானியாகலாம். இப்பொழுது பொதுவாக 1500 மணித்தியாலம் வேண்டும். (வீழ்ந்த விமானத்தைச் செலுத்திய இருவருமே 1500க்கு மேற்பட்ட மணித்தியாலம் பறந்தவர்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.) படைத்துறை விமானிகளுக்கு 750, குறித்த சில பட்டதாரிகளுக்கு 1000 எனச் சலுகைகளும் உள.

பணம் கரைவது வேறோரிடத்தில். 2014 ஆகஸ்ட் முதல், பல எஞ்சின் விமானங்களுக்கான எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றுமுன் 30 மணித்தியால வகுப்பும், விமானத்தின் இயக்கத்தை நிலத்திலிருந்தே பழக்கும் பாவனை யந்திரத்தில் 10 மணித்தியாலப் பயிற்சியும் பெறல் வேண்டும். அவ்யந்திரம் பெருவிலையுடையதாகையால், இதற்கே சில ஆயிரம் டொலர் செலவாகும்.

ஆயின், சிறு நகரங்களை இணைக்கும் பிராந்திய விமானக் கம்பனிகள் பல, தாம் தெரிவு செய்தவர்களுக்கு இப்பயிற்சியைத் தம் செலவிலேயே அளிக்கின்றன. பின்னர் கம்பனியின் ஜெட் விமான வகைக்கென, பெரும்பாலும் பாவனை யந்திரத்தில், நிகழும் ஒரே செய்முறைப் பரீட்சையில் உயர்தரப் பத்திரமும், அவ்வகை விமானத்துக்குரிய அனுமதியும் ஒருங்கே கிடைக்கும். சொந்தச் செலவிற் சிறு விமானமொன்றில் முன்னரே பரீட்சை முடித்தவனும் அந்த ஜெட் பயிற்சியை முற்றாகப் பெற்றேயாக வேண்டும். எனவே 900 மணித்தியாலத்தில் நிற்கும் ஓர் இளம் போதனாசிரியன் இதற்குக் கடன்படுவதை நாம் ஆதரியோம். அவனுக்குக் குறைவது மணித்தியாலமேயன்றிப் பத்திரமன்று.

விலக்கும் உண்டு. வேண்டிய மணித்தியாலம் நிறைந்தும் வேலைக்கு ஆளெடுப்புக் குறைந்த காலத்திற் காத்திருப்போரும், வாடகை ஜெட் விமானங்களில் தலைமை விமானியாக விழைவோரும் எழுத்துப் பரீட்சையையேனும் தம் செலவில் முடித்து வைத்தல் தகும். அப்பெறுபேறு 60 மாதம் செல்லுபடியாகும். கம்பனியின் செலவிற் பயில்வோனோ, ஒப்பமிடுமுன் உடன்படிக்கையை ஊன்றி வாசித்தல் வேண்டும். குறித்த காலத்துக்குமுன் விலகினாற் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்ற வாசகம் அதில் இருத்தல் கூடும்.