இரத்தத்தில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

சில நாள்களில் மணியடித்துவிடுமே என்று காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிறோம். திருநாளன்றோ, அதிரசத்தையும் பாயசத்தையும் போதுமென்று சொல்ல மனம் வருவதில்லை. ஆயினும் இவ்விரு நாள்களிலும் நம் இரத்தத்திலுள்ள சர்க்கரை ஒரு குறுகிய வரம்புக்குள்ளேயே நிற்கிறது. எப்படி?

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் கரைந்துள்ள சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான்! இது மிகக் குறைந்தால் மூளை தடுமாறும். நெடுநாள் மிகுந்திருந்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்புகளும் பழுதடையும்.

இவ்வளவைக் காப்பது இரைப்பைக்குப் பின்னுள்ள கணையம். அதில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அப்போது அவர் பெர்லினில் ஒரு மாணவரே! இத்திட்டுகள் சுரக்கும் ஹார்மோன்கள் நேரே இரத்தத்தில் கலக்கின்றன. உண்டபின் சர்க்கரை கூடினால் இன்சுலின் சுரக்கும். தசைகள் சர்க்கரையை ஏற்கும். கல்லீரல் ஒரு பகுதியைக் கிளைகோஜனாகச் சேமிக்கும். பசித்திருக்கையில் குளுக்ககான் சுரந்து, அச்சேமிப்பை மீண்டும் சர்க்கரையாக்கி வெளிவரச் செய்யும். மிகுந்த நாளில் சேர்த்துவைத்து, முடைப்பட்ட நாளில் எடுத்துச் செலவிடும் நம் அன்னையரைப் போன்றதே இச்செயல்.

சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாக இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதுவே முதல் வகை நீரிழிவு. சிறுவர் சிறுமியருக்கும் வரும். இனிப்புத் தின்றதால் வந்ததன்று, தொற்றுநோயுமன்று. முன்னாளில் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் இருந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பெற்றோரே! பிள்ளைக்கு ஓயாத தாகமும், அடிக்கடி சிறுநீரும், உடல் மெலிவும் கண்டால் தாமதியாது இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தோழியரே! நம் வகுப்பிலும் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருத்தி இருக்கலாம். உணவு தாமதமாகி அவள் கை நடுங்கி, வியர்த்துத் தடுமாறினால், உடனே சர்க்கரை கொடுத்து ஆசிரியையிடம் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவரை அழைக்கச் செய்யுங்கள். பாட வேளையில் அவள் பிஸ்கட் தின்றால் கேலி பேசாதீர்கள். நம் உடல் நாம் அறியாமலே செய்யும் வேலையை, அவள் ஒவ்வொரு நாளும் தானே கணக்கிட்டுச் செய்கிறாள். அவளுக்குத் துணை நிற்பது நம் கடமையன்றோ?