அட்டவணையில் ஒரு புதிய புலம்

பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திற்கு இணையத்தளம் அமைக்கும் மாணவர், உறுப்பினர் பதிவுப் பகுதியை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதிச் சோதித்த நிரல்களின் தொகுப்பைப் பயன்படுத்தலாம். இத்தொகுப்பை நிரல் நூலகம் என்பர். டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கான ‘பெட்டர் ஆத்’ அவற்றுள் ஒன்று. பயனர்களைப் பதிவு செய்வதும், உள்நுழைபவர் யார் எனச் சரிபார்ப்பதும் அதன் பணி.

இந்நூலகம் தரவுத்தளத்தில் பயனர்களுக்கென ஓர் அட்டவணையை வைத்திருக்கும். பெயர், மின்னஞ்சல், படம் போன்ற ஒவ்வொரு தகவலுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அந்த இடமே புலம் எனப்படும். கழகத்திற்கோ மேலும் இரண்டு புலங்கள் தேவை: மாணவர் பயிலும் படிவம், கழகத்தில் அவர் வகிக்கும் பொறுப்பு.

நூலகத்தின் நிரலையே திருத்திவிடலாமே என்று தோன்றலாம். ஆனால், அடுத்த பதிப்பை நிறுவியதும் அத்திருத்தங்கள் அழிந்துவிடும். இதற்காகவே நூலகத்தை உருவாக்கியோர் அமைவுப் பகுதியில் ஒரு வழி வைத்துள்ளனர். புதிய புலத்தின் பெயர், வகை, அது கட்டாயமா என்பவற்றை அங்கே எழுதினால் போதும். பிறகு உரிய கட்டளையை இயக்கினால் அட்டவணையில் புதிய புலம் சேரும். முன்பே பதிந்த உறுப்பினர்களின் படிவத்தை மட்டும் அவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

‘பொறுப்பு’ என்ற புலத்தில்தான் சிக்கல் உள்ளது. பதிவுப் பக்கத்தில் அது தோன்றாவிட்டாலும், விவரம் அறிந்த ஒருவர் ‘பொறுப்பு: நிர்வாகி’ என்பதையும் சேர்த்துத் தளத்திற்கு அனுப்பிவிட முடியும்.

2012 மார்ச் மாதம் கிட்ஹப் தளத்தில் இத்தகைய நிகழ்வு நடந்தது. படிவத்தில் கேட்கப்படாத ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பிய நிரலர் ஒருவர், ‘ரூபி ஆன் ரெய்ல்ஸ்’ குழுவின் களஞ்சியத்தில் நுழைந்து ஒரு கோப்பையே பதிவேற்றிக் காட்டினார். இக்குறையை அவர் ரெய்ல்ஸ் குழுவிடம் முன்பே எடுத்துரைத்திருந்தார் என்பது வியப்புக்குரியது. அக்காலத்தில், தடுக்கப்படாத புலங்களையெல்லாம் ரெய்ல்ஸ் ஏற்றுக்கொண்டது. 2013இல் வந்த நான்காம் பதிப்பில், ஏற்கத்தக்க புலங்களை நிரலரே குறிப்பிடும் முறை வந்தது.

பெட்டர் ஆத் நூலகத்தில், தடுக்குமாறு எழுதாவிட்டால் கூடுதல் புலம் பயனரின் உள்ளீட்டை ஏற்கும். ஆகவே, ‘பொறுப்பு’ புலத்திற்கு உள்ளீடு கூடாது என்ற ஒரு வரியை மாணவர் அமைவில் சேர்க்க வேண்டும். தலைவர் யார், செயலாளர் யார் என்பதைக் கழகத் தேர்தல் முடிந்தபின் பொறுப்பாசிரியர் பதிவு செய்வார்.