ஊசி ஓட இடம் வேண்டும்

1982 நவம்பர். லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில் ஏழு மாத உழைப்பு முடிந்து, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தின் சோதனைத் தட்டு வந்து சேர்ந்தது. போட்டுக் கேட்டவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பாட்டுகள் அதே பாட்டுகள்தான். ஆனால் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைத்த டிரம்ஸும் பேஸ் கிதாரும் தட்டில் சோனியாகக் கேட்டன. கண்ணீர் வந்து அறையை விட்டு வெளியேறியதை மைக்கேலே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தட்டின் கோளாறில் இயற்பியலுக்குப் பெரும்பங்கு உண்டு. 12 அங்குல எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுழன்று போகும் ஒரே ஒரு நீண்ட பள்ளம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். 20 நிமிட இசைக்குப் பள்ளம் 667 சுற்று போக வேண்டும். 27 நிமிடம் என்றால் 900 சுற்று. இத்தனைக்கும் கிடைக்கும் இடம் எட்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டைதான். 667 சுற்றில் ஒரு சுற்றுக்கு 0.13 மில்லிமீட்டர் கிடைக்கும். 900 சுற்றில் அது 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்.

அந்த முடியிழை இடத்துக்குள்தான் எல்லா வாத்தியமும் அடங்க வேண்டும். பள்ளத்தின் நெளிவுகளே ஒலி. நெளிவைத் தொட்டபடி ஓடும் ஊசியின் அசைவு மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. கீச்சென்ற ஒலிக்குச் சின்ன நெளிவு போதும். கனத்த ஒலி இடத்தை விழுங்கும். பேஸ் கிதாரின் அடித்தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. நொடிக்கு 4,100 முறை அதிரும் ஒலிக்கு வேண்டிய அசைவைவிட, அதே மின்னழுத்தம் தர இதற்கு நூறு மடங்கு அகலமான அசைவு வேண்டும். அப்படியே வெட்டினால் பக்கத்துச் சுற்றில் போய் இடிக்கும். அதனால் தட்டு வெட்டும்போது கனத்த ஒலிகளை ஒரு விதிப்படி குறைத்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு கூட்டிக்கொள்கிறார்கள். இந்த உத்திக்குப் பிறகும் இடத்தை அதிகம் தின்பது பேஸ்தான். பாட்டு நீண்டால் சுற்றுகள் நெருங்கும். நெருங்கினால் மொத்த ஒலியையும் தாழ்த்தித்தான் வெட்ட முடியும். தாழ்த்தினால் ஊசி உரசும் இரைச்சல் மேலே எழும். ‘த்ரில்லர்’ தட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

வெளியீட்டுத் தேதி தலைக்கு மேல் நின்றது. இருந்தும் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியனும் ஒவ்வொரு பாட்டாக மறுபடி மிக்சிங்குக்கு உட்கார்ந்தார்கள். ‘தி லேடி இன் மை லைஃப்’ பாட்டில் ஒரு சரணம் போயிற்று. ‘பில்லி ஜீன்’ முன்னிசை குறுகியது. கடைசியில் முதல் பக்கம் 20 நிமிடம், இரண்டாம் பக்கம் 22 நிமிடம் சொச்சம். பாடியதை வெட்டிப்போட யாருக்கும் மனம் வராது. அப்போது அவர்களுக்கு வந்தது, நாம் செய்த பாக்கியம்.

முன்னிசையை இன்னும் வெட்ட வேண்டும் என்பது குவின்சியின் கட்சி. அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்றார் மைக்கேல். ஆடத் தெரிந்தவர் சொன்னதே நின்றது. அரை நிமிடத்துக்குச் சற்றே குறைவான முன்னிசை தப்பியது.

அந்த அரை நிமிடத்துக்குள் எவ்வளவு தச்சு வேலை இருக்கிறது தெரியுமா? டிரம்ஸ் வாசித்தவர் லியான் சான்ஸ்லர். அவருக்காக ஸ்வீடியன் தனியாக ஒரு பிளைவுட் மேடை போட்டார். காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு உறை தைத்து, ஜிப் வைத்து, அந்தத் திறப்பு வழியாக மைக்கை உள்ளே விட்டார். ஸ்நேர் டிரம்முக்கும் ஹை-ஹாட் தாளத்துக்கும் நடுவே ஒரு மரப்பலகையை நிறுத்தினார். ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் கசியாவிட்டால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் முடியும். லூயிஸ் ஜான்சன் தன்னிடமிருந்த பேஸ் கிதார்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, மைக்கேல் ஒரு யமாஹாவைத் தேர்ந்தெடுத்தார்.

துணைக்குரல் சிலவற்றை மைக்கேல் ஆறடி அட்டைக் குழாய் ஒன்றின் வழியாகப் பாடினார். இருபுறமும் திறந்த அந்த நீளக் குழாய், நொடிக்கு ஏறக்குறைய 94 அதிர்வையும் அதன் மடங்குகளையும் தூக்கிக் கொடுக்கும். அதே தொண்டைதான், ஆனால் வேறொருவர் பக்கத்து அறையிலிருந்து பாடுவது போலக் கேட்கும்.

‘பில்லி ஜீன்’ பாட்டை ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்தார். பிறகு குவின்சி, இரண்டாவதை எடுத்துப் போடு என்றார். நாம் கேட்பது அந்த இரண்டாவதுதான். ஒரே ஒலியை மணிக்கணக்கில் கேட்கும் காது அதற்குப் பழகி, நல்லது எது என்று சொல்லும் கூர்மையை இழந்துவிடும். 91 செய்த பிறகும் இரண்டாவதை அடையாளம் கண்டதுதான் குவின்சியின் காது.

பிறகு நடந்தது உலகறிந்த கதை. பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ‘த்ரில்லர்’ 37 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒன்பது பாட்டில் ஏழு தனித்தட்டாக வந்தன. ஏழும் ஹாட் 100 பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தன. ‘பில்லி ஜீன்’ ஏழு வாரம், ‘பீட் இட்’ மூன்று வாரம் முதலிடம்.

இந்த வெற்றியை மூன்வாக் நடனத்தின் கணக்கிலும் வீடியோக்களின் கணக்கிலும் எழுதுவது வழக்கம். தேதிகள் வேறு சொல்கின்றன. ‘பில்லி ஜீன்’ முதலிடம் பிடித்தது 1983 மார்ச் 5. எம்.டி.வி. அதன் வீடியோவைத் திரும்பத் திரும்பக் காட்டத் தொடங்கியதே மார்ச்சில்தான். அமெரிக்கா மூன்வாக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தது மே 16. வீடியோ பின்னால் பெரிய விற்பனையைக் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஜெயித்தது காதால் கேட்ட ஒலி.

இன்று இரவே ‘பில்லி ஜீன்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸின் அடிநாதம் அதில் எழாது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் நான்கு நொடி டிரம்ஸ் மட்டும். அடுத்து பேஸ் நுழையும். அந்த இரண்டுக்கும் நடுவே வேறு ஒலி எதுவும் நெருக்கியடிக்காமல் விட்டிருக்கும் இடத்தைக் கவனியுங்கள்.