முன்னும் பின்னும் ஓடும் காலம்!

கதை என்றால் எப்படி இருக்கும்? கதாநாயகன் பிறப்பான், வளர்வான், மணம் முடிப்பான், முதுமை அடைவான். காலம் ஆறு போல ஒரே திசையில் ஓடும்.

ஆனால் பில்லி என்பவனின் கதை அப்படி இல்லை! அவன் ஒரு போர் வீரன். காட்டில் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடுகிறான். அடுத்த நிமிஷம் அவன் சிறு பையன்! நீச்சல் பழக்குவதற்காக அப்பா அவனைக் குளத்தில் தூக்கிப் போடப் போகிறார். அப்புறம் பார்த்தால் 41 வயது! முதியோர் இல்லத்தில் தாயைப் பார்க்க வந்திருக்கிறான்.

இந்த நாவலை எழுதியவர் அமெரிக்க ஆசிரியர் கர்ட் வானகட். வெளிவந்த ஆண்டு 1969. பெயர் "ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்". "5-ம் எண் கசாப்புக் கூடம்" என்று பொருள்.

ஏன் இந்தப் பெயர்?

வானகட் 2-வது உலகப்போரில் சண்டையிட்டவர். 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அப்போது வயது 22. டிரெஸ்டன் நகரத்தில் கைதியாக இருந்தார்.

1945 பிப்ரவரி 13-ந் தேதி இரவு, அந்த நகரத்தின் மீது விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. நகரம் தீக்கடல் ஆனது. சுமார் 25 ஆயிரம் பேர் மாண்டார்கள். வானகட் கசாப்புக் கூடத்தின் நிலவறையில் இருந்ததால் உயிர் பிழைத்தார். பிறகு, இடிபாடுகளில் இருந்து பிணங்களைத் தோண்டி எடுக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது.

வண்ணக் கோடுகள்

இதைக் கதையாக எழுத அவர் பல முறை முயன்றார். ஒரு நீளக் காகிதத்தில், ஆளுக்கு ஒரு வண்ணமாகக் கோடு போட்டாராம். ஆள் இறந்தால் கோடு நின்றுவிடும். நாவலின் முதல் அத்தியாயத்தில் அவரே இதைச் சொல்கிறார். நேர்க்கோடாகக் கதை வரவில்லை. 24 ஆண்டுகள் ஓடிவிட்டன!

கடைசியில் காலத்தையே கலைத்துப் போட்டார். இது வெறும் வித்தை அல்ல. பெரும் துயரத்தைக் கண்டவர்களின் நினைவு வரிசையாக வருவது இல்லை. சோறு உண்ணும்போது வரும்; தூக்கத்திலும் வரும். முடிந்துபோனது அவர்களுக்கு முடிவதே இல்லை.

இப்படிக் காலத்தை மாற்றி அடுக்கும் கதைகளை, "பின்நவீனத்துவ" இலக்கியத்தில் நிறையப் பார்க்கலாம். பெயர்தான் பெரிது. விஷயம் நம் வீட்டுத் திண்ணையிலும் உண்டு. பாட்டி பழங்கதை சொல்லும்போது வரிசையாகவா சொல்கிறாள்?

பின்னால் ஓடும் படம்

நாவலில் ஓர் இடம். பில்லி ஒரு போர்ப்படம் பார்க்கிறான். அது அவனுக்குப் பின்னோக்கி ஓடுகிறது! தீ அணைகிறது. குண்டுகள் மேலே எழும்பி, விமானத்துக்குள் போய்விடுகின்றன. தொழிற்சாலையில் அவற்றைப் பிரிக்கிறார்கள். மருந்தை மண்ணிலேயே புதைத்துவிடுகிறார்கள்.

காலம் ஒரு முறை பின்னால் ஓடக்கூடாதா? போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஏக்கமும் இதுதானே!