இஎக்ஸ்4 கோப்பை உடைக்கலாமா?

மெட்டாடிரேடர் 4 வர்த்தக மென்பொருளில் ஓடும் இண்டிகேட்டரையோ, தானாக வர்த்தகம் செய்யும் ரோபோவையோ காசு கொடுத்து வாங்கினால், கைக்கு வருவது இஎக்ஸ்4 கோப்புதான். மூல நிரலான எம்க்யூ4 எழுதியவரிடமே இருந்துவிடும். சின்னதாக ஒரு மாற்றம் வேண்டும், அவரோ பதில் சொல்வதில்லை என்ற நிலையில்தான் பலரும் மூல நிரலை மீட்டுத் தரும் டீகம்பைலரைத் தேடிப் போகிறார்கள்.

2014-க்கு முன்பு அது ஓரளவு நடந்தது. அந்த ஆண்டு மெட்டாடிரேடரை உருவாக்கிய மெட்டாக்வோட்ஸ் நிறுவனம் 600-ஆம் பில்டில் கம்பைலரையே மாற்றியது. பழைய கருவிகள் புதிய கோப்புகளிடம் தோற்றன. ஆகவே, ‘எதையும் திறந்து தருவோம்’ என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். ஊர்பேர் தெரியாத கருவியை வர்த்தகக் கணக்கின் கடவுச்சொல் இருக்கும் கணினியில் இறக்குவது அதைவிட ஆபத்து.

பழைய கோப்பு திறந்தாலும் குறிப்புரைகள் இருக்காது. ‘ஸ்டாப்லாஸ்’ என்றிருந்த பெயர் ‘ஜிடி_108’ என்பதுபோல வரும். எது நஷ்ட வரம்பு, எது லாட் அளவு என்று ஊகித்துத் திருத்த வேண்டும். ஊகம் தப்பினால் போவது நிஜப் பணம்.

சட்டமும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் நிரல் இயங்கும் விதத்தைக் கவனித்து ஆராய இடம் தருகிறது. லைசென்ஸ் பூட்டை எடுத்துவிட்டு மற்றவருக்கு விற்பது அதில் அடங்காது.

பெரும்பாலான தேவைகளுக்கு உடைக்கவே வேண்டாம் என்பேன். இண்டிகேட்டர் என்றால் ‘ஐகஸ்டம்’ என்ற கட்டளை போதும். கோப்பின் பெயர், உள்ளீடுகள், பஃபர் எண், கேண்டில் எண் ஆகியவற்றைக் கொடுத்தால், இண்டிகேட்டர் வரையும் கோட்டின் மதிப்பு உங்கள் ரோபோவுக்கு வந்துவிடும். கேண்டில் எண் 0 என்றால் இன்னும் முடியாத கேண்டில். மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். முடிந்த கேண்டிலுக்கு 1 கொடுங்கள்.

ரோபோ என்றால் ஸ்ட்ராட்டஜி டெஸ்டரில் பழைய விலைகளை வைத்து ஓட்டுங்கள். எப்போது வாங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்று குறித்து, விதி பிடிபட்டதும் நிரலாளரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். மூல நிரலும் தர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நஷ்டம் வரும்போதெல்லாம் லாட் 0.01, 0.02, 0.04, 0.08 என்று இரட்டிப்பாகிறதா என்பதும் டெஸ்டரிலேயே தெரிந்துவிடும். அப்படி இரட்டிப்பாக்கும் ரோபோவை ஆராய்ந்துகொண்டிருக்காமல் கணக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.