உங்களுக்குத் தெரியுமா? நான்காம் வகுப்பில் ஏன் தடுமாற்றம்?

தமிழில் 247 எழுத்துகள் உண்டு. அத்தனையையும் குழந்தை தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. மெய்யோடு உயிர்க்குறி சேரும் விதம் பிடிபட்டால் போதும், வாசிப்பு மளமளவென்று நகரும். கா, கி எளிது. ‘கெ’, ‘கே’, ‘கை’தான் தொல்லை: கண்ணில் முதலில் படுவது குறி, வாயில் முதலில் வரவேண்டியது ககரம். ‘கொ’விலோ குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கு, சு, டு, மு என்று உகரம் சேரும்போது எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. போதாக்குறைக்கு, வீட்டில் ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்தது’ என்பதைச் சந்திக்கிறது!

அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் 1983இல் வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். சுருக்கமாக: மூன்றாம் வகுப்புவரை படிக்கக் கற்கிறார்கள், நான்கிலிருந்து படித்துக் கற்கிறார்கள். தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்காகவே தொடங்கப்பட்டது. நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் புதுச் சொற்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதுவரை சரளமாக வாசித்த சில பிள்ளைகள்கூட அங்கே திணறுவார்கள். எழுத்து தெரியாததால் அல்ல, பொருள் தெரியாததால்.

சொற்களின் பொருள் காதுவழியாகவும் சேரும். அதனால், பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்காக, கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.